ஜவ்வாது மலையில் பேரரசின் அறிவும் தேசத்தின் அறிவும்

சென்னை வனச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882 என்ற பெயரில் அது இன்றும் நடப்பில் இருக்கிறது. 1947இல் ஆட்சி கைமாறியது. மலையை ஆண்ட சட்டம் கைமாறவில்லை. அதைவிட முக்கியமாக, அந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்த அறிவும் கைமாறவில்லை. பேரரசை எதிர்த்த தேசியம், ஆள்வது யார் என்ற கேள்வியைக் கேட்டது. எந்த அறிவைக் கொண்டு ஆள்வது என்ற கேள்வியை மலைகளைப் பொறுத்தவரை அது கேட்கவே இல்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ஜவ்வாது மலை பொருத்தமான களம். பாலாற்றுக்குத் தெற்கே, செய்யாறு பிறக்கும் இம்மலைத்தொடரில் வனவியல், இனவியல், வானியல் ஆகிய மூன்று அறிவியல்களும் தடம் பதித்திருக்கின்றன.

வனவியலின் வரலாறு மழையைப் பற்றிய ஓர் அச்சத்திலிருந்து தொடங்குகிறது. காடு அழிந்தால் மழை குறையும், மழை குறைந்தால் வருவாய் குறையும் என்ற கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களிடையே வலுப்பெற்றது. அவர்களுள் ஒருவரான ஹியூ கிளெக்ஹார்ன், 1851இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு அளிக்கப்பட்ட வெப்பமண்டலக் காடழிவு அறிக்கையில் பங்கேற்றார். 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். அதே 1856இல்தான் தென்னிந்தியாவின் முதல் ரயில், ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. பின்னர் அந்தப் பாதை பாலாற்றுச் சமவெளி வழியே ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஜவ்வாது மலையின் வட அடிவாரத்தை ஒட்டி நீண்டது. அதற்குத் தண்டவாளக் கட்டைகள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் என்ஜின்களுக்கு எரிபொருளும் விறகுதான். மழையைக் காக்கும் அறிவியலும் மரத்தை விழுங்கும் இயந்திரமும் ஒரே ஆண்டில், ஒரே அரசின் கீழ் வந்தன. இந்த முரணில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர், மலைச்சரிவில் காட்டைத் திருத்தி, எரித்து, சாமை விதைத்த மலைவாசி. ரயிலின் பசியும் மலைவாசியின் கொல்லையும் ஒரே தராசில் வைக்கப்படவில்லை.

பேரரசு ஒரே குரலில் பேசியதாகக் கொள்ளவும் கூடாது. சென்னை மாகாணத்தில் கிராமங்களின் அனுபவ உரிமை இல்லாத காடு அரிது, ஆகவே அரசுக்கு முழு உரிமை கோர இயலாது என்று வருவாய் வாரியம் 1870களில் வாதாடியது. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னைக்கு நீட்டிக்கப்படாமல் நின்றதற்கு இந்த எதிர்ப்பும் காரணம். பின்னர் ஜெர்மானிய வனவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகே தனிச் சட்டம் பிறந்தது. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க அறிவிப்பு வரும். குறித்த காலத்துக்குள் தீர்வு அதிகாரியின் முன் உரிமை கோர வேண்டும். கோரப்படாத உரிமை அழிந்துவிடும். தாளும் கெடுவும் அறியாத மலைநாடுகளில் இந்த நடைமுறை என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனவியலின் கதை இதனினும் சிக்கலானது. ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் மலையாளிகள் என்னும் மலைவாசிகள். அவர்கள் தங்கள் தோற்றம் குறித்துச் சொல்லிவந்த கதையை வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு பதிவு செய்தது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளப் பெண்கள் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஆண்கள் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கொள்ளும்படி வீட்டில் சொல்லியிருந்தனர். வெள்ளம் புரண்ட பாலாற்றின் நடுவிலேயே நாய்கள் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று ஆண்கள் ஊர் மீண்டபோது அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது, மனைவியர் விதவைக் கோலம் பூண்டிருந்தனர். ஊரும் சாதியும் மறுக்கப்பட்டவர்கள் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தனர். கையேடு இதற்கு கி.பி. 1210 என்று ஆண்டும் தருகிறது. அந்த ஆண்டை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன்னை எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சமவெளியின் சாதி ஒழுங்கு உயிரோடு இருந்தவர்களைப் பிணங்களாக்கி வெளியேற்றியது என்பதே இக்கதை சுமக்கும் நினைவு.

இந்தக் கதையை எட்கர் தர்ஸ்டன் தம் ஏழு தொகுதி நூலில் 1909இல் எடுத்தாண்டார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த அவர், சேர்வராயன் மலையில் மலையாளிகளின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர். மூக்கின் அகலமே இனத்தின் படிநிலையைக் காட்டும் என்று இனவியலாளர் ஹெர்பர்ட் ரிஸ்லி நம்பிய காலம் அது. மலையாளிகள் ஆதிக் குடிகள் அல்லர், சமவெளியிலிருந்து பின்னாளில் குடியேறிய தமிழர் என்பதே தர்ஸ்டனின் நூல் தரும் முடிவு. கதையும் அளவையும் ஒன்றாக அச்சேறின. அளவை அறிவியல் என்ற தகுதி பெற்றது. கதை வெறும் சுவையாக நின்றது.

குடியரசு என்ன செய்தது? அதன் ஆணைகளில் மலையாளிகள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். அது நியாயமான முடிவு. அதனால்தான் ஓரளவேனும் கல்வியும் வேலையும் மலையேறின. ஆனால் அறிவிப்பு மாவட்டவாரியாக வந்தது. வட ஆர்க்காடும் சேலமும் பட்டியலில் இருந்தன, கோயம்புத்தூர் இல்லை. அதனால் இன்று ஈரோடு மாவட்டமாகிவிட்ட பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், அதே மக்களாக இருந்தும் பழங்குடிச் சான்றிதழுக்குப் போராடுகிறார்கள். 1965இல் லோகூர் குழு, பழங்குடி யார் என்பதற்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தது: தொன்மைப் பண்பு, தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இந்த ஐந்திலும் ரிஸ்லி காலத்து மூச்சு கேட்கிறது. காலனிய நூல் ‘தொன்மையற்றோர்’ என்று எழுதிய மக்கள், சுதந்திர நாட்டில் உரிமை பெறத் தங்கள் தொன்மையை நிரூபிக்க வேண்டியதாயிற்று. ஆதிக்கத்தால் நேர்ந்த இழப்பு என்ற அளவுகோல் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

தமிழ்த் தேசியமும் இதற்கு விலக்கில்லை. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மாவும் நவிரமலையும் (இன்றைய செங்கமும் பருவதமலையும்) ஜவ்வாது மலைக்கு அருகில்தான் உள்ளன. குறிஞ்சித் திணையின் மாறாத வாரிசாக மலைவாசியைக் காணும் ஆசை இதனால் நமக்கு எளிதில் வருகிறது. கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்துக்குப் பின் உருவான பெருமித உணர்வு, தொன்மையைத் தேடும் உணர்வு. வெளியேற்றப்பட்டதன் நினைவைச் சொல்லும் மலையாளிகளின் கதை அந்தப் பெருமிதத்துக்குள் அடங்குவதில்லை.

வானியல், வனவியலையும் இனவியலையும்விட மென்மையாக மலைக்கு வந்தது. 1792இல் கம்பெனி நிறுவிய சென்னை வானாய்வகத்தின் வேலை வானியலுடன் நில அளவைக்கும் கடற்பயணத்துக்கும் உதவுவது. 1876–78இன் பெரும் பஞ்சத்தின்போது, சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கமே மழை பொய்க்கக் காரணம் என்று வானியலாளர் லாக்கியரும் புள்ளிவிவர அதிகாரி ஹண்டரும் எழுதினர். பஞ்சத்தின் பொறுப்பை ஆட்சியிடமிருந்து வானத்துக்கு நகர்த்த அந்தக் கருத்து உதவியது. சூரியனை ஆராய 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் எழுந்ததற்குப் பின்னேயும் இந்த நம்பிக்கை உண்டு. அந்த மரபில் வந்த வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைப் புதிய வானாய்வகத்துக்குத் தேர்ந்தார். 1972இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடும், 1977இல் யுரேனசின் வளையங்களும் இங்கு ஆராயப்பட்டன. இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயரோடு திறக்கப்பட்டது. பேரரசுக்குக் கருவியாக இருந்த அறிவியல் தேசத்தின் தன்மானமாக மாறியதற்கு இது உண்மையான சான்று. நான் இதை மனமாரப் போற்றுகிறேன். இருந்தும் அந்தப் பெருமிதக் கதையில் மலை, ஓர் அட்சரேகையாகவும் தெளிந்த இரவு வானமாகவும் மட்டுமே வருகிறது.

காட்டில் அந்த மாற்றமும் நிகழவில்லை. 1890களில் காங்கிரசு மாநாடுகள் வனச் சட்டங்களின் கடுமையைக் கண்டித்தன. 1921இல் குண்டூர் மாவட்டப் பல்நாட்டில் வன சத்தியாகிரகம் நடந்தது. அதே காங்கிரசு ஆட்சிக்கு வந்தபின் வெளியான 1952இன் தேசிய வனக் கொள்கை, காட்டருகே ஒரு கிராமம் அமைந்திருப்பது தற்செயல், அதற்காக நாட்டின் உரிமை குறையாது என்று அறிவித்தது. பேரரசு என்ற சொல் இருந்த இடத்தில் தேசம் என்ற சொல் வந்தது; வாக்கியம் மாறவில்லை. அதன் விலையை மலை இன்றும் கொடுக்கிறது: சொந்தக் காட்டில் உரிமையற்றவர்கள் அயல் காட்டுக்குக் கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்படையினர் சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் கூலிக்குப் போனவர்கள்.

2006இன் வன உரிமைச் சட்டம் முதன்முறையாக வேறொரு அறிவுக்கு இடம் தந்தது. உரிமைக் கோரிக்கை கிராம சபையில் தொடங்குகிறது. முதியவர்களின் வாய்மொழி வாக்குமூலம் எழுதி எடுக்கப்பட்டால் அது சான்றாகும். 1882இல் தாளில் ஏறாததால் அழிந்தது எதுவோ, அதற்கே இங்கு மதிப்பு. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை ஆண்டுகள் வீணாயின. அதற்குள் சான்று சொல்ல வேண்டிய முதியவர்கள் பலர் மறைந்திருப்பார்கள். எஞ்சியிருப்பவர்களிடம் பெறப்படும் வாக்குமூலங்களை வட்டாட்சியர் அலுவலகக் கட்டுகளில் முடங்கவிடாமல் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். தர்ஸ்டனின் தொகுதிகளை மேற்கோள் காட்டும் நாம், அவற்றுக்கு இணையான முதன்மைச் சான்றாக இந்த வாக்குமூலங்களையும் படிக்க வேண்டும். புதூர் நாட்டிலும் நெல்லிவாசல் நாட்டிலும் ஜமுனாமரத்தூரிலும் இந்த வேலையை வரலாற்றுத் துறைகள் இப்போதே தொடங்கலாம்.