வேலை கேட்கச் செல்வோர் உடை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த வீட்டில் எழும் முதற்பேச்சு பெரும்பாலும் வினாவிடை பற்றியதன்று; உடை பற்றியது. ஆசிரியர் பயிற்சிக்காயினும், அரசாங்க எழுத்தர் பணிக்காயினும், தானா ராத்தாவிலுள்ள தங்கும் விடுதி வேலைக்காயினும், ‘எதை உடுத்திக்கொண்டு போவது?’ என்று பிள்ளை கேட்கிறது. தாய் பெட்டியைத் திறக்கிறாள். இஃது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வினாவுக்குப் பின்னே நெடியதொரு வரலாறு கிடக்கிறது. வேலை தருபவர் முன் எக்கோலத்தில் நிற்பது என்பதை நிற்பவரே முடிவுசெய்த காலம் அதில் மிகக் குறைவு.

பழந்தமிழ் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள், கலையைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்வு தேடிப் புறப்பட்டவர்களின் நூல்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலனை நாடிச் சென்ற பொருநன் உடுத்தியிருந்தது கந்தை. அதில் ஈரும் பேனும் குடியிருந்தன, வியர்வை ஊறியிருந்தது, கிழிந்த இடங்கள் வேறு நூலால் தைக்கப்பட்டிருந்தன. அக்கோலத்திலேயே அவன் அரசன் முன் சென்றான். அரசன் செய்த உதவிகளுள் ஒன்று அக்கந்தையை நீக்கியது. பாம்பின் தோல்போல் மெல்லிய, பூவேலை செறிந்த ஆடையை அவனுக்கு உடுத்தியது. பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனும், சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனும் இதனையே செய்யக் காணலாம். நல்லுடை அங்குப் பரிசிலின் ஒரு பகுதி. தகுதிக்குச் சான்று அன்று. புலவர் புனைந்த உயர்வுக் கூற்று என்று இதனைக் கழிப்பாரும் உளர். கழித்தாலும் ஒன்று எஞ்சும்: கந்தையோடு அரசவை வாயிலைக் கடப்பது அப்பாட்டுகளில் கடப்பவனுக்கு இழுக்காகக் கூறப்படவில்லை. அக்கந்தையைக் களைவது கொடுப்பவன் கடமையாயிற்று.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. ஊர்ப்பெருந்தனக்காரர் முன் செல்பவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும். செருப்பைத் தெருவிலேயே விடவேண்டும். இவ்வழக்கம் உழவரோடு நிற்கவில்லை. கலையில் வல்லவரான நாகசுரக்காரர்களையும் அது விட்டபாடில்லை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்து, நீண்ட மேலங்கியணிந்து மேடையேறியதை ஆடம்பரம் என்று சிலர் பேசினர். இடுப்பில் கட்டிய துண்டின் கதையை அறிந்தவர் அவ்வாறு பேசமாட்டார்.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது இவ்வழக்கம் ஒழியவில்லை; சட்டத்தின் உருவம் பெற்றது. இந்தியர் ஆங்கில அதிகாரியின் அறைக்குள் நுழையுங்கால் காலணியைக் கழற்றவேண்டும், தலைப்பாகையைக் கழற்றலாகாது என்பது முறை. கல்கத்தாவில் ஆங்கிலச் சப்பாத்து அணிவோர் பெருகவே, 1854-ஆம் ஆண்டில் அரசு ஒரு தீர்மானம் செய்தது. அதன்படி ஐரோப்பிய முறைச் சப்பாத்து அணிந்தவர் அதனோடு உள்ளே வரலாம். நாட்டுச் செருப்பு அணிந்தவரோ பழையபடி அதனைக் கழற்றியாக வேண்டும். பாதத்தின் தூய்மையைப் பற்றியதாக இருந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே விதி இருந்திருக்கும். சப்பாத்தின் தோலைக் காட்டிலும் அதன் நாடே ஆராயப்பட்டது என்பது புலனாகும்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் சர் தி. முத்துசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்தில் வறிய குடும்பத்தில் பிறந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை செய்தவர். 1895-இல் மறையும்வரை நீதிபதியாக இருந்தவர். அவருடைய பளிங்குச் சிலை அந்நீதிமன்றத்தில் இன்றும் உள்ளது. தலையில் தலைப்பாகை இருக்கிறது. காலில் ஒன்றும் இல்லை. நாட்டின் உயர்ந்த நீதிபீடத்தில் வெறுங்காலோடு அமர்ந்த அவ்வுருவம், எழுதிய விதி எதுவாயினும் ஆற்றலுக்கு முன் அது வளையவும் கூடும் என்பதற்கு ஒரு சான்று. எல்லார்க்கும் அது வளையவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நேத்தாலில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். 1893-ஆம் ஆண்டு தர்பன் நகரை அடைந்த இரண்டொரு நாளில் அவர் நீதிமன்றத்துக்குச் சென்றார். தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி கூறவே, மறுத்து வெளியேறினார். மறுஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது தலைமை நீதிபதி அதனையே கூற, அவர் கழற்றினார். நண்பர்கள் மனம் வருந்தினர். பெரிய போராட்டங்களுக்காகத் தம் வலிமையைச் சேமிக்க விரும்பியதாக அவர் கருதினார். இஃது ஒன்று. மற்றது தமிழர் மறக்கக்கூடாதது. அதே 1894-இல், ஒப்பந்தக் கூலியாகச் சென்ற பாலசுந்தரம் என்னும் தமிழர், முதலாளி அடித்ததால் முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி வழிய, காந்தியடிகளின் அலுவலகத்துள் நுழைந்தார். அந்நிலையிலும் அவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் ஏந்தியே நின்றார். வெள்ளையரைக் காணச் செல்லும் ஒப்பந்தக் கூலி தலைத்துணியை எடுத்தாக வேண்டும் என்பது அங்கு வழக்கம். இரு கை கூப்பி வணங்கினாலும் போதாது. இந்தியர் ஒருவர் முன்னும் அப்படியே நிற்கவேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணிவிட்டார். துணியைக் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறினார். அவர் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதாம்.

சென்னையில் தலைப்பாகை இருந்தால் மரியாதை; நேத்தாலில் அதுவே அவமதிப்பு. ஒரே துணி, ஒரே பேரரசு. துணிக்கு இயல்பான பொருள் ஏதுமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதுவரை கூறியவற்றுள் பெரும்பாலானவை ‘கழற்று’ என்னும் கட்டளையைப் பற்றியவை. இருபதாம் நூற்றாண்டில் ‘அணி’ என்னும் கட்டளை ஓங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர் கணித மேதை இராமானுசன். 1910-ஆம் ஆண்டின் இறுதியில், வேலையின்றி வாடிய அவர், நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைக் காணச் சென்றார். பின்னாளில் ராவ் அச்சந்திப்பை எழுதியபோது ஒளித்து மறைத்து எழுதவில்லை. குள்ளமான, பருத்த உருவம், மழிக்காத முகம், அவ்வளவாகத் தூய்மையில்லை, கக்கத்தில் நைந்த நோட்டுப்புத்தகம், ஆயினும் ஒளிவிடும் கண்கள். இன்றைய நேர்முகத் தேர்வாயின் அக்கோலத்துக்கே பாதி மதிப்பெண் போயிருக்கும். ராவோ நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்ய, உண்டு உயிர்வாழும் அளவு போதும் என்றார் இராமானுசன். ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் தாமே கொடுத்துவந்தார். 1912 மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை இராமானுசனுக்குக் கிடைத்தது.

அதன்பின் கேம்பிரிட்சு அழைத்தது. 1914 மார்ச்சு 17-இல் கப்பலேறுமுன் அவரது குடுமி நீக்கப்பட்டது. மகனையும் கணவனையும் அக்கோலத்தில் காணவேண்டாம் என்று தாயும் மனைவியும் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டனர். காற்சட்டை, கோட்டு, கழுத்துப்பட்டை, சப்பாத்து யாவும் பழகவேண்டியிருந்தன. சப்பாத்து மட்டும் கடைசிவரை இணங்கவில்லை. கேம்பிரிட்சில் அவர் செருப்பணிந்து நடந்தார். கணக்கில் எவர்க்கும் பின்வாங்காத அறிவு, காலளவில் மட்டும் தோற்றது எனலாம்.

இனி மலாயா. இங்குக் கூலியாக வந்தவர்க்கு நேர்முகத் தேர்வு இருந்ததா? இருந்தது, ஆனால் அதில் உடை பார்க்கப்படவில்லை, உடல் பார்க்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் மருத்துவர் சோதித்தனர். பினாங்கில் இறங்கியபின் தொற்றொதுக்க முகாம் காத்திருந்தது. அம்முறையில் நல்லுடை உடுத்தியவர் ஒருவர்தாம்: ஆள்சேர்க்க ஊருக்குத் திரும்பிய கங்காணி. வேட்டிமேல் கோட்டும் தலையில் பாகையுமாக அவர் வந்து நின்றால், பினாங்கின் செழிப்பைப் பற்றி வேறு பேச்சு வேண்டியதில்லை. வேலை கேட்பவர் அல்லர், வேலைக்கு அழைப்பவரே ஆடையால் ஆளை மயக்கிய விந்தை அது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அது நடந்தது.

கேமரன் மலைக்கு இவ்வரலாறு பிந்தி வந்தது. 1885-இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார், 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு அழித்தவரும் கொழுந்து கிள்ளியவரும் பெரும்பாலும் தமிழர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுப்பவருக்கு மழைக்கும் குளிருக்கும் வேண்டிய உடையே உடை: தலையில் துணி, உடலில் கம்பளி, செடியின் ஈரம் படாமல் இடுப்பில் ஒரு சாக்கு. கிராணிக்கோ வெள்ளைக் காற்சட்டை. அக்காற்சட்டைக்கு உள்ளே ஆங்கிலக் கல்வி இருந்தது. எனவே தோட்டத்துப் பிள்ளைகளின் கண்ணில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நேத்தாலின் ‘கழற்று’ இங்கு வேறு உருவில் வாழ்ந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் இது தெளிவாகும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் என்பவற்றோடு, துரைமாரும் தோட்டத்து அதிகாரிகளும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்காதிருக்கும் உரிமையும் கேட்கப்பட்டது. கூலி உயர்வுக்கு நிகராகச் சைக்கிள் இருக்கையை வைத்த அத்தொழிலாளரின் கணக்கைச் சிலர் விளங்கிக்கொள்ளவில்லை. பாலசுந்தரம் விளங்கிக்கொண்டிருப்பார்.

விடுதலைக்குப்பின் இறங்குவதும் கழற்றுவதும் மறைந்தன, அணிவது நிலைத்தது. பொது ஊழியர் பணிநேரத்திலும் அரசு விழாக்களிலும் அணியவேண்டிய உடை பற்றி 1985-இல் மலேசிய அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டிலோ, 2014 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி அணிந்து வந்தமையால் சென்னைக் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டார். மறுமாதமே சட்டமன்றம் அத்தகைய தடைகளை ஒழிக்கும் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டுச் சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்க்கான அரசாணை, சட்டையோடு காற்சட்டையையும் வேட்டியையும் இணையாக வைத்தது. ஆணையில் இடம்பெற்றும், அலுவலக நேர்முகத் தேர்வுக்கு வேட்டியோடு செல்லத் துணிபவர் அரியர். அஞ்சுவது சட்டத்துக்கு அன்று. மேசைக்கு அப்பால் இருக்கும் கண்ணுக்கு.

தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சேலைக்கு அளவில்லை, அத்தையிடமோ பக்கத்து வீட்டு ஆசிரியையிடமோ இரவல் வாங்கலாம். பஞ்சாபி உடையும் பாஜு கூரோங்கும்கூட ஓரளவு அப்படியே. ஆண்பிள்ளையின் கழுத்துப்பட்டையும் இரவலாகக் கிடைக்கும். சப்பாத்துக்கு அளவு உண்டு. அதனை வாங்கியே தீரவேண்டும். முதல் சம்பளத்தில் வாங்கவேண்டிய பொருளை முதல் சம்பளத்துக்கு வழிதேடும் நாளிலேயே வாங்கவேண்டியிருக்கிறது. கரிகாலன் அவையில் கொடுப்பவன் ஏற்ற செலவு இது. இன்று கொழுந்து நிறுத்துக் கூலி பெறும் தாயின் மடியிலிருந்து வருகிறது. தேர்வுக்குழுவில் அமர்வோர் நைந்த காலரையும் பெரிதாகத் தொளதொளக்கும் இரவல் கோட்டையும் கண்டு ‘ஆர்வம் போதாது’ என்று குறித்தால், அவர்கள் குறிப்பது பிள்ளையின் ஆர்வத்தை அன்று, வீட்டுக் கணக்கை. நோட்டுப்புத்தகத்தைப் பார்த்த ராவ்கள் எல்லாக் குழுவிலும் அமர்வதில்லை.

மலையில் வாழ்வோர்க்கு இன்னுமொரு தொல்லை. ஈப்போவுக்குச் செல்பவர் குளிருக்கான கம்பளிச் சட்டையோடு விடியற்காலையில் புறப்படுகிறார். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் ஒவ்வோர் அடுக்காகக் கழற்றவேண்டி வருகிறது. சமவெளியில் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. தோட்டத்துச் செம்மண் சேறாகிக் கிடக்கும் நாளில் புதுச் சப்பாத்தை அணிந்து பேருந்து நிலையம்வரை நடக்க இயலாது. ஆகவே அது நெகிழிப் பையில், செய்தித்தாள் சுற்றி, சான்றிதழ்க் கோப்புக்குப் பக்கத்தில் செல்கிறது. காலில் இருப்பது ரப்பர்ச் செருப்பு. அலுவலக வாயிலுக்குச் சற்று முன்னே, மரநிழலில் ஒரு காலில் நின்று அதனை மாற்றிக்கொள்கிறார்கள். கழற்றிய செருப்பு, அதே செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பைக்குள் போகிறது.