பேஸ்பால் புகழ்மண்டபம்: யாருக்கு இடம்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஒட்சிகோ ஏரிக்கரையில் உள்ள சிற்றூர் கூப்பர்ஸ்டவுன். தேசிய பேஸ்பால் புகழ்மண்டபமும் அருங்காட்சியகமும் அங்கே 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டன. ஆட்டக்காரர்கள், மேலாளர்கள், நடுவர்கள், நிர்வாகிகள் என முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உருவம் பொறித்த வெண்கலப் பட்டயங்கள் இதன் சுவர்களில் இருக்கின்றன. ஆண்டுதோறும் கோடையில் புதியவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். எந்த ஆட்டக்காரருக்கு அந்தச் சுவரில் இடம் தகும் என்ற விவாதம், 1936இல் முதல் தேர்தல் நடந்த நாளிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. சாதனை, நேர்மை, நிறவெறி, ஊக்கமருந்து, சூதாட்டம் என்று அமெரிக்க பேஸ்பாலின் எல்லா வழக்குகளும் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான்.

மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் அமைந்ததற்கே ஒரு கட்டுக்கதைதான் காரணம். ஆப்னர் டபுள்டே என்ற ராணுவ அதிகாரி 1839இல் இவ்வூரில் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக 1907இல் ஒரு குழு அறிவித்தது. அந்த ஆண்டு டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார் என்பதும், ஆட்டம் பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல உருவானது என்பதும் பிறகு தெளிவாயின. அதற்குள் தையல் எந்திரத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கிளார்க், ஊரின் வளர்ச்சியை மனத்தில் வைத்து மண்டபத்தைக் கட்டி முடித்திருந்தார்.

தேர்வு முறை

மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள். முதலாவது, அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் வாக்கெடுப்பு. சங்கத்தில் தொடர்ந்து பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்களுக்கு வாக்குரிமை உண்டு. ஆட்டக்காரர் குறைந்தது 10 சீசன்கள் நாட்டின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். ஒரு வாக்குச்சீட்டில் அதிகபட்சம் 10 பெயர்களைக் குறிக்கலாம். 75 விழுக்காடு பெற்றவர் உள்ளே போகிறார். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனவர் பெயர் பட்டியலிலிருந்தே நீங்குகிறது. ஒருவர் பட்டியலில் நீடிக்கக்கூடிய காலம் முன்பு 15 ஆண்டுகள். 2014இல் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்த முதல் வாசலில் தவறியவர்களுக்காக, 16 பேர் கொண்ட காலகட்டக் குழுக்கள் இரண்டாவது வாசலாக இருக்கின்றன. மண்டபத்தில் ஏற்கெனவே இடம்பெற்றவர்கள், அணி நிர்வாகிகள், மூத்த எழுத்தாளர்கள் ஆகியோர் மூடிய அறையில் கூடி எட்டுப் பேர் கொண்ட பட்டியலை ஆராய்கிறார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களுக்குத்தான் வாக்களிக்கலாம். தேர்வாக 12 வாக்குகள் வேண்டும்.

75 விழுக்காடு என்பது கடுமையான எல்லை. 1936இல் 226 வாக்குகளில் டை காப் 222, பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் தலா 215 பெற்றனர். கிறிஸ்டி மாத்யூசனும் வால்டர் ஜான்சனும் அவர்களுடன் தேர்வாயினர். 511 வெற்றிகள் பெற்ற பந்து வீச்சாளர் சை யங் அந்த ஆண்டு தேர்வாகவில்லை. 1979இல் வில்லி மேய்ஸின் பெயரைக் குறிக்காதவர்கள் 23 பேர். எல்லா வாக்குகளையும் பெற்ற முதல் ஆட்டக்காரர், 2019இல் தேர்வான மரியானோ ரிவேரா. 2025இல் இச்சிரோ சுசுகி 394இல் 393 பெற்றார். வாக்களிக்காத அந்த ஒருவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை.

எண்களின் வழக்கு

நெடுங்காலம் தகுதிக்கு மூன்று மைல்கற்கள் போதுமானவையாகக் கருதப்பட்டன: 3000 ஹிட்கள், 500 ஹோம் ரன்கள், பந்து வீச்சாளருக்கு 300 வெற்றிகள். இவற்றைத் தொட்டவர் உள்ளே, தொடாதவர் வாதாட வேண்டியவர். 1980களிலிருந்து பில் ஜேம்ஸ் போன்ற புள்ளியியல் ஆய்வாளர்கள் இந்த அளவுகோலை உடைத்தார்கள். பந்து வீச்சாளரின் வெற்றிக் கணக்கு அவருடைய அணி எத்தனை ரன் எடுத்தது என்பதையும் சார்ந்தது. அதை மட்டும் வைத்து அவரை எடைபோடக்கூடாது என்றார்கள். சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இறக்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றிகள் கூடுதலாகக் கிடைத்தன என்று மதிப்பிடும் 'வார்' என்ற அளவீடு பின்னர் பரவலானது. ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் அதை அடிப்படையாகக் கொண்டு, ஒருவரை அதே இடத்தில் ஆடி ஏற்கெனவே மண்டபத்தில் இருப்பவர்களோடு ஒப்பிடும் 'ஜாஸ்' முறையை உருவாக்கினார்.

பழைய பார்வையும் புதிய பார்வையும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஜாக் மாரிஸ், பெர்ட் பிளைலெவன் ஆகிய இருவருடையது. மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1991இன் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் மினசோட்டா அணிக்காக மாரிஸ் பந்து வீசினார். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரு அணிகளும் ரன் எடுக்கவில்லை. மாரிஸ் பத்தாவது இன்னிங்ஸையும் தானே வீசினார். அதன் பிற்பாதியில் மினசோட்டா ஒரு ரன் எடுத்துக் கோப்பையை வென்றது. அதை நேரில் பார்த்த எழுத்தாளர்களுக்கு அந்த ஓர் இரவே போதுமான சான்றாக இருந்தது. ஆனால் அவருடைய மொத்த வாழ்க்கைக் கணக்கில், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 3.90. பிளைலெவனுக்கு அப்படி ஓர் இரவு இல்லை. அவரிடம் இருந்தவை 287 வெற்றிகள், 3701 ஸ்ட்ரைக் அவுட்கள், எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் தனியாளாக வீசி முடித்த 60 ஆட்டங்கள். பெரும்பாலும் சுமாரான அணிகளில் ஆடியதால் அவர் 300ஐ எட்டவில்லை. 1998இல் 17.5 விழுக்காட்டில் தொடங்கிய அவர், ஆய்வாளர்களின் தொடர்ந்த வாதத்தால் ஏறி, 14ஆம் ஆண்டான 2011இல் 79.7 விழுக்காட்டோடு தேர்வானார். மாரிஸ் 15 ஆண்டுகளும் முயன்று தோற்று, பின்னர் குழுவின் வழியாக 2018இல் நுழைந்தார். இவ்விருவரில் பிளைலெவனே சிறந்த பந்து வீச்சாளர் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை.

குழுக்களின் பெயரைக் கெடுத்தது நட்பு. 1970களின் தொடக்கத்தில் குழுவில் செல்வாக்கோடு இருந்த ஃபிராங்கி ஃபிரிஷ், ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, ஜார்ஜ் கெல்லி எனத் தன் பழைய அணித்தோழர்களை உள்ளே கொண்டுவந்தார். எழுத்தாளர் வாக்கெடுப்பில் ஒருபோதும் 6.1 விழுக்காட்டைத் தாண்டாத ஹரால்ட் பெய்ன்ஸை, 2018 டிசம்பரில் கூடிய குழு சரியாக 12 வாக்குகளோடு தேர்ந்தெடுத்தது. அவருடைய முன்னாள் மேலாளரும் அணி உரிமையாளரும் அந்தக் குழுவில் உறுப்பினர்கள். பெய்ன்ஸ் நல்ல ஆட்டக்காரர்; 2866 ஹிட்கள் அடித்தவர். ஆனால் அவருக்கு இடம் உண்டென்றால் வெளியே நிற்கும் பல டஜன் பேருக்கும் உண்டு என்ற வாதத்துக்கு யாரும் இதுவரை சரியான பதில் சொல்லவில்லை.

நடத்தை

ஆட்டத்திறனோடு நேர்மை, ஆட்டப்பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றையும் வாக்காளர்கள் கருத வேண்டும் என்கிறது மண்டபத்தின் விதி. விவாதத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வரியிலிருந்தே கிளைக்கிறது. கறுப்பின வீரர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்சன் 1939 முதல் அங்கே இருக்கிறார். கெனிசா மவுண்டன் லேண்டிஸ் பேஸ்பாலின் உச்ச நிர்வாகியான கமிஷனராக இருந்த காலம் முழுவதும் கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக் கதவு மூடியே கிடந்தது. அவரும் 1944 முதல் அங்கே இருக்கிறார். இந்தச் சுவர்களை வைத்துக்கொண்டு ஒழுக்கத்தின் பெயரால் ஒருவரை விலக்குவதற்கு மிகத் தெளிவான காரணம் வேண்டும்.

சூதாட்டம் அப்படிப்பட்ட காரணம் என்பதே விளையாட்டு உலகின் நிலை. தான் ஆடும் அல்லது நிர்வகிக்கும் ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை என்ற விதி 21, ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் 1919 உலகத் தொடரின் கறை இருக்கிறது. அந்தத் தொடரை விலைபேசி விட்டுக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டு சிகாகோ வீரர்களை நீதிமன்றம் விடுவித்தும், 1921இல் லேண்டிஸ் அவர்களை வாழ்நாள் முழுவதும் விலக்கினார். அவர்களில் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன், தொடரில் 0.375 சராசரியில் அடித்தவர்.

4256 ஹிட்களோடு சாதனைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் பீட் ரோஸ், தான் மேலாளராக இருந்த சின்சினாட்டி ரெட்ஸ் ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டினார். 1989 ஆகஸ்டில் தடை வந்தது. தடைபெற்றவர்களின் பெயர் வாக்குச்சீட்டில் வரக்கூடாது என்று 1991இல் மண்டப நிர்வாகம் முடிவு செய்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் மறுத்துவிட்டு 2004இல் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். 2024 செப்டம்பர் 30 அன்று இறந்தார். இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் 2025 மே மாதம் அறிவித்ததால், ரோஸும் ஜாக்சனும் இப்போது குழுவின் பரிசீலனைக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள்.

ஊக்கமருந்து வழக்கு இதைவிடச் சிக்கலானது. 762 ஹோம் ரன்களும் ஏழு முறை ஆண்டின் சிறந்த வீரர் விருதும் பெற்ற பேரி பாண்ட்ஸ், 354 வெற்றிகளும் ஏழு சை யங் விருதுகளும் பெற்ற ராஜர் கிளெமென்ஸ் என இந்தச் சந்தேகத்துக்கு ஆளான இருவரும் 2013இல் முதல்முறை பட்டியலில் வந்தபோது எழுத்தாளர்கள் எவரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. பத்தாவது, கடைசி ஆண்டான 2022இல் பாண்ட்ஸ் 66, கிளெமென்ஸ் 65.2 விழுக்காடு பெற்று வெளியேறினார்கள். அதே ஆண்டு டேவிட் ஆர்ட்டிஸ் முதல் முயற்சியிலேயே தேர்வானார். 2003இல் பெயர்களை வெளியிடாமல் நடத்தப்பட்ட சோதனையில் சிக்கியவர்களில் அவர் பெயரும் இருந்ததாக 2009இல் செய்தி வெளியாகியிருந்தது. தண்டனையோடு கூடிய சோதனை முறை 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஹோம் ரன்களால் அரங்குகள் நிரம்பியதைக் கண்டும் நிர்வாகம் அசையவில்லை. அந்தக் காலத்துக் கமிஷனர் பட் செலிக் 2017இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். காவல் காக்கத் தவறியவருக்குப் பட்டயம் கொடுத்துவிட்டு, அவர் காலத்தின் மிகச் சிறந்த மட்டையாளரை வாசலில் நிறுத்துவது நியாயமாகாது. பாண்ட்ஸின் பட்டயத்திலேயே ஊக்கமருந்துச் சர்ச்சையையும் எழுதலாம். வரலாற்றுக்கு அதுவே நேர்மை.

மூடியிருந்த கதவு

1966இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட டெட் வில்லியம்ஸ், தன் ஏற்புரையில் சாட்செல் பேஜ், ஜோஷ் கிப்சன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, கறுப்பினத்தவர் தனியே ஆடிய நீக்ரோ லீக் வீரர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்றார். 1971இல் பேஜ் தேர்வானபோது அவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்குவதாகத் திட்டம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கைவிடப்பட்டு, எல்லோரையும் போல முழு உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். 2006இல் சிறப்புக் குழு ஒன்று 17 பேரைச் சேர்த்தது. அவர்களில் அணி உரிமையாளர் எஃபா மான்லி, மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண்.

கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்த பக் ஓ'நீல் அந்தப் பதினேழு பேரில் இல்லை. அவர்களின் கதையைப் பல பத்தாண்டுகள் நாடெங்கும் சொல்லி உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். சேர்ப்பு விழாவில் அவர்கள் சார்பில் பேச அழைத்தபோது 94 வயதில் மேடையேறினார்; தன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை; மேடையிலும் புல்வெளியிலும் இருந்த எல்லோரையும் கைகோக்கச் சொல்லிப் பாட வைத்தார். அந்த அக்டோபரிலேயே காலமானார். 2021 டிசம்பரில்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தாமதம்

மண்டபத்தின் ஆகப்பெரிய குறை இந்தத் தாமதம்தான். சிகாகோ கப்ஸின் ரான் சாண்டோ 2010 டிசம்பரில் இறந்தார்; அடுத்த டிசம்பரில் 16இல் 15 வாக்குகள் கிடைத்தன. அவருடைய 342 ஹோம் ரன்களில் ஒன்றுகூட அந்த ஓராண்டில் கூடவில்லை.

டிக் ஆலன் வழக்கு இன்னும் கொடியது. பிலடெல்பியாவில் ஆடிய நாட்களில் சொந்த அணியின் ரசிகர்களே அவர் மீது பொருட்களை எறிந்ததால், களத்தில் பந்து தடுக்கும்போதும் ஹெல்மெட் அணிந்து நின்றவர். மனம்போனபடி நடப்பவர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அவர் பட்ட நிறவெறியை எழுதியவர்கள் குறைவு. அந்தப் பெயரே வாக்கெடுப்பிலும் அவரைத் துரத்தியது. 2014இல் குழுவில் ஒரே ஒரு வாக்கில் தவறினார். 2020 டிசம்பரில் கூட வேண்டிய குழு பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போனது. அதே டிசம்பர் 7 அன்று அவர் இறந்தார். 2021இல் மறுபடியும் ஒரு வாக்கு குறைந்தது. 2024 டிசம்பரில் 13 வாக்குகளோடு தேர்வானார்.

நிலுவையில் உள்ளவை

2025 டிசம்பரில் கூடிய குழு ஆட்டக்காரர் ஜெஃப் கென்ட்டை 14 வாக்குகளோடு தேர்ந்தெடுத்தது. பாண்ட்ஸும் கிளெமென்ஸும் ஐந்துக்கும் குறைவான வாக்குகளே பெற்றனர். புதிய விதிப்படி அவர்கள் அடுத்த சுற்றில் இடம்பெற முடியாது. மீண்டும் ஒரு முறை ஐந்தை எட்டாவிட்டால் வாய்ப்பு நிரந்தரமாக முடிகிறது. ரோஸ், ஜாக்சன் பெயர்களை எடுக்கக்கூடிய குழு 2027 டிசம்பரில் கூடும்.

டெட்ராய்ட் டைகர்ஸில் ஆலன் டிராமலும் லூ விட்டேக்கரும் 1977 முதல் 1995 வரை, 19 சீசன்கள், இரண்டாம் பேஸின் இருபுறமும் நின்று ஒன்றாக ஆடினார்கள். டிராமல் 2018இல் மண்டபத்தில் சேர்ந்தார். 'வார்' கணக்கில் டிராமலைவிடச் சற்று மேலே இருக்கும் விட்டேக்கர், 2001இல் 2.9 விழுக்காடு மட்டும் பெற்று முதல் ஆண்டிலேயே பட்டியலிலிருந்து நீங்கினார். 2025 குழுவின் எட்டுப் பெயர்களிலும் அவர் இல்லை. 1957இல் பிறந்த அவருடைய பெயரை அடுத்துப் பரிசீலிக்கக்கூடிய கூட்டம் 2028 டிசம்பரில்.