ஊருக்குக் கம்பி, சேரிக்கு டவர்: இணைய வேகத்தின் வரலாறு



2020 ஊரடங்கில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பாடம் செல்போனுக்கு வந்தது. எங்கள் காலனியில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிது. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவு அவர் திரும்பிய பிறகு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த்தொட்டிப் படிக்கட்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் நடத்திய மாலைநேரப் படிப்பகத்துக்கு ஒரு வயர் இழுத்துத் தரும்படி, ஊருக்குள் இணைய இணைப்புக் கொடுத்துவந்த ஒருவரிடம் கேட்டோம். "அந்தப் பக்கம் லைன் போகாது தம்பி" என்றார். பணம் கட்டுகிறோம் என்றோம். கம்பம் இல்லை என்றார். கம்பம் இருந்தது. அதில் தெருவிளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"லைன் போகாது" என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இணைய வேகம் என்றதும் நிறுவனத்தையும் ரீசார்ஜ் தொகையையும்தான் பேசுகிறோம். வேகம் எந்தத் தெருவில் நின்றுவிடுகிறது என்று கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் அதைக் கேட்போம்.

தொலைபேசி போட்ட பாதை

1991-இல் இந்தியாவில் ஏறத்தாழ 85 கோடி மக்களுக்கு இருந்த தொலைபேசிகள் சுமார் 50 லட்சம். நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. கிராமத்தில் அந்த ஒன்று யார் வீட்டில் இருந்தது என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். மணியக்காரர் வீடு, பண்ணை வீடு, ரைஸ் மில், மளிகைக்கடை என்று விரல்விட்டு எண்ணிவிடுவார். வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து போன் வந்தால், சேரியிலிருந்து ஓடிப்போய் அந்த வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வந்த கதையையும் சொல்வார்.

1994 தேசிய தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி சென்றுவிடும் என்றது. கிராமத்துக்கு ஒன்று வந்தால் கணக்கு முடிந்தது. ஊரும் சேரியும் ஒரே கிராமம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. குடிதண்ணீர், சுடுகாடு, கோயில் என்று எதிலும் ஒன்றாக இல்லாத இரண்டு இடங்கள், திட்டக் கோப்பில் மட்டும் ஒன்றாகிவிட்டன.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். வீட்டில் தொலைபேசி இணைப்பும், கணினியும், மோடமும் இருந்தால்தான் நுழைய முடியும். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004 அகண்ட அலைவரிசைக் கொள்கை வந்தது. நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே பிராட்பேண்ட் என்று அது வரையறுத்தது. அடுத்த ஆண்டு பி.எஸ்.என்.எல். அதை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. எந்த வழியில்? ஏற்கெனவே இருந்த தொலைபேசிச் செம்புக் கம்பி வழியில். செம்புக் கம்பியின் குணம் ஒன்று உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். சில கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பே நிற்காது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பிராட்பேண்ட் கொடுத்தவர் யாரும் சாதி கேட்கவில்லை. "உங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்கள். முந்தைய தலைமுறையில் கம்பி யார் வீட்டுக்குப் போனதோ, அவர்கள் வீட்டுக்கே இணையமும் போனது. பின்னாளில் கேபிள் டிவிக்காரர்கள் இணையம் கொடுத்தபோதும், அவர்களுடைய ஒயர் எந்தத் தெரு வரை ஓடியதோ அந்தத் தெரு வரைதான் வேகம் ஓடியது. ஒவ்வொரு புதிய தொழில்நுட்பமும் பழைய கம்பியின் மேல் ஏறி வந்தது. பழைய கம்பி ஊரின் எல்லையில் நின்றிருந்தது.

டவர் கொடுத்ததும் கொடுக்காததும்

செல்போனைப் பற்றி நாம் நன்றியோடுதான் பேச வேண்டும். அலைக்கு ஊர்த்தெரு என்றும் காலனித்தெரு என்றும் தெரியாது. யாருடைய சுவரில் ஆணி அடித்து ஒயர் இழுப்பது என்ற பேச்சு அதற்கு இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. நம் பிள்ளைகள் அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகளைக் கைப்பேசியில் படித்ததும், வன்கொடுமை நடந்த அன்றே அதை உலகுக்குச் சொல்ல முடிந்ததும் டவரால்தான். 2024-இல் நாட்டில் இருந்த சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில், கம்பி வழியாக வந்தவை சுமார் 4 கோடி. மற்ற எல்லாம் ஏறக்குறைய மொபைல்தான்.

மொபைல் வேகமும் ஏறியிருக்கிறது. ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் அளவீட்டில், 5ஜி வருவதற்குச் சற்று முன்பு, 2022 செப்டம்பரில், இந்தியாவின் இடைநிலை மொபைல் வேகம் நொடிக்கு 13.87 மெகாபிட். 2023 ஆகஸ்டில் 50.21 மெகாபிட். "மொபைலே போதும், வீட்டு இணைப்பு எதற்கு?" என்று சிலர் கேட்பது இதை வைத்துத்தான்.

நாம் மூன்று கேள்வி கேட்போம்.

முதல் கேள்வி: அளந்தது யார்? வேகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், தன் போனில், தன் டேட்டாவைச் செலவழித்து எடுக்கும் அளவு அது. 5ஜி போன் வைத்திருப்பவரின் அளவு அதில் சேர்கிறது. பழைய 4ஜி போனில் டேட்டா தீர்ந்துவிடுமே என்று கணக்குப் பார்ப்பவர் அளப்பதே இல்லை.

இரண்டாம் கேள்வி: அந்த வேகம் எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு? ஒரு டவரின் திறன், அதன் கீழ் இருக்கும் அத்தனை பேருக்கும் பங்கு போகிறது. எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் இரவு எட்டு மணிக்கு அந்தப் பங்கு சுருங்கும். கான்கிரீட் சுவருக்கும் தகரக் கூரைக்கும் உள்ளே சிக்னல் இன்னும் மெலியும். ஃபைபர் இணைப்பில் இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு.

மூன்றாம் கேள்வி: டேட்டா தீர்ந்தபின் என்ன? ஒரு நாள் ஒதுக்கீடு முடிந்தால், பல ரீசார்ஜ் திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். 100 மெகாபைட் உள்ள ஒரு பாட வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மெகாபிட் வீட்டு இணைப்பில் அது அரை நிமிடத்தில் இறங்கும். 64 கிலோபிட்டில் மூன்றரை மணி நேரம் ஆகும். இருவருமே அரசுப் புள்ளிவிவரத்தில் "இணையம் உள்ளவர்கள்".

விலையையும் பாருங்கள். மாதம் 399 ரூபாய்க்கு, வரி தனி, 30 மெகாபிட் வீட்டு இணைப்புகள் 2020 முதலே சந்தையில் உள்ளன. வைஃபையில் குடும்பம் முழுவதும் படிக்கலாம், பார்க்கலாம், வேலை செய்யலாம். கம்பி வராத வீட்டில் இரண்டு பேருக்கு டேட்டா வேண்டுமென்றால், இரண்டு ரீசார்ஜுக்கு 28 நாளைக்கு ஏறத்தாழ 600 ரூபாய் ஆகிறது. கூலிக்குப் போகும் குடும்பம் கூடுதலாகக் கொடுத்துக் குறைவாகப் பெறுகிறது.

அணைக்கும் சுவிட்ச்

கம்பிக்கும் டவருக்கும் இடையே இன்னொரு வேறுபாடு உண்டு. அது நம் போராட்ட வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் தீர்ப்பை வழங்கியது. அதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று தலித் அமைப்புகள் பாரத் பந்த் நடத்தின. பந்துக்கு முந்தைய நாள் மாலையிலிருந்தே பஞ்சாப் அரசு மொபைல் இணையத்தை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில் தலித் குடியிருப்பு எரிக்கப்பட்ட வன்முறைக்குப் பிறகும் மொபைல் இணையம்தான் முடக்கப்பட்டது. ராஜஸ்தானில் 2021-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் முறைகேட்டைத் தடுக்கிறோம் என்று நிறுத்தியதும் மொபைல் இணையத்தையே.

இத்தகைய ஆணைகளில் வீட்டுக் கம்பி இணைப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வங்கியும் அலுவலகமும் வசதியான வீடுகளும் இயங்க வேண்டும் அல்லவா? அப்போது யார் வாய் அடைக்கப்படுகிறது? கையில் இருக்கும் போன் தவிர வேறு இணைப்பே இல்லாதவர் வாய். தாக்கப்பட்டவர் படம் அனுப்ப முடியாது. தாக்கியவர் தன் வீட்டு வைஃபையில் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். நமக்கு வீட்டு இணைப்பு வேண்டும் என்பது படிப்புக்கான கோரிக்கை மட்டும் இல்லை, பாதுகாப்புக்கான கோரிக்கையும்கூட.

ஃபைபர் நிற்கும் அறை

2011-இல் ஒன்றிய அரசு தேசிய ஆப்டிகல் ஃபைபர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு நொடிக்கு 100 மெகாபிட் கொண்டுசெல்வது இலக்கு. பின்னர் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் உள்ளது. 2023-இல் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கி, ஊராட்சிக்கு அப்பால் எல்லாக் கிராமங்களுக்கும் இதை நீட்டிக்க முடிவெடுத்தது.

நல்ல திட்டம்தான். ஆனால் அதன் முதல் கட்டம் கம்பியைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் ஊராட்சி அலுவலகம். அந்த அறையின் வரலாறு நமக்குத் தெரியும். மேலவளவில் தனித்தொகுதி ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் வந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவராக அமர்வதை 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தடுத்து வைத்தார்கள். 2020-இல்கூட, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தைப் பார்த்தோம். தலைவருக்கே நாற்காலி இல்லாத அறையில் ஃபைபர் வந்து நின்றால், அங்கிருந்து காலனிப் பிள்ளையின் வீட்டுக்கு அது தானாக வந்துவிடுமா?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை அரசியலமைப்பின் அலகாக ஏற்க மறுத்தார். தனிமனிதரையே அலகாக வைத்ததற்காக மகிழ்ச்சியும் தெரிவித்தார். அவர் எச்சரித்த அதே தவறைத்தான் இணைய வேகத்தைக் கணக்கிடுகிறவர்கள் இன்றும் செய்கிறார்கள். ட்ராய் அமைப்பு நிறுவனம்வாரியாகவும் உரிமப் பகுதிவாரியாகவும் கணக்குச் சொல்கிறது. பாரத்நெட் ஊராட்சிவாரியாகச் சொல்கிறது. ஊர்த்தெருவில் எவ்வளவு, காலனித்தெருவில் எவ்வளவு என்ற கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை. கணக்கில் வராத இல்லாமைக்கு நிதியும் வராது.

நாம் அளப்போம்

அந்தக் கணக்கை நாமே எடுக்கலாம். ட்ராயின் மைஸ்பீட் செயலி இலவசம். ஒரே போன், ஒரே சிம், ஒரே நாள் இரவு எட்டு மணியை ஒட்டி, மூன்று இடங்களில் அளவெடுங்கள்: ஊராட்சி அலுவலக வாசல், காலனியின் நடுத்தெரு, காலனியில் ஒரு வீட்டின் உள்ளறை. இறக்கும் வேகத்தோடு ஏற்றும் வேகத்தையும் குறியுங்கள். வீடியோ அனுப்பும்போது நமக்குத் தேவை அதுதான். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள், ஒரு வாரம் எடுங்கள். பிறகு தெருத்தெருவாக நடந்து, எத்தனை வீட்டுக்குக் கம்பி இணைப்பு உண்டு என்று எண்ணுங்கள்.

பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போட்டு, உங்கள் ஊராட்சியில் ஃபைபர் எந்தக் கட்டடத்தில் முடிகிறது, அது இயங்குகிறதா, அங்கிருந்து யாருக்கெல்லாம் இணைப்புத் தரப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலையும் உங்கள் அளவீட்டையும் அடுத்த கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். காலனியில் உள்ள பள்ளிக்கோ நூலகத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ ஃபைபர் வர வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அன்று எங்களிடம் "லைன் போகாது" என்று சொன்னவரிடம் காட்ட எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை. பேசாமல் திரும்பி வந்தோம். அடுத்த முறை கையில் கணக்கோடு போவோம்.