நாலு சிலிண்டர், நாலு காயில்

பாலவனத்தம்னு சொன்னா தமிழ் படிச்சவங்களுக்கு ஒரே பெயர்தான் ஞாபகம் வரும். பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தார். அவரைப் பற்றி எழுத பெரியவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் இன்னிக்கு எடுத்துக்கிட்ட சரித்திரம் வேற. வண்டி இன்ஜினுக்குள்ள அடிக்கிற தீப்பொறியோட சரித்திரம். அதாவது பிளக், காயில் சமாச்சாரம். பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கார் பக்கமா நின்னு சொல்லப் போறேன்.

"உங்க ஊருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்பீங்க. நியாயம்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் காட்டுப் பக்கம் அந்த மாதிரிக் கார் கண்ணுல படுறது அபூர்வம். ஆனா பிளக் கழட்டத் தெரியாத ஆளும் எங்க பக்கம் அபூர்வம். காரணம், 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ் 50. டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியும். அதனால பிளக்கில் கரி பிடிக்கும். மிதிச்சு மிதிச்சுப் பார்த்து வண்டி கிளம்பலைன்னா, பையில் இருந்து பிளக் ஸ்பேனர் வெளியே வரும். பிளக்கைக் கழட்டி, உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, இன்ஜின் பாடியில் ஒட்ட வச்சு மிதிச்சா நீலமாப் பொறி தெரியணும். தெரிஞ்சா மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான். கடலை மூட்டை ஏத்திக்கிட்டு நடுக்காட்டுல நிக்கிறவனுக்கு மெக்கானிக் எங்கே கிடைப்பார்?

இந்தப் பொறி எங்கிருந்து வருது? காயில்னா ஒரு இரும்பு உள்ளீட்டைச் சுத்தி ரெண்டு கம்பிச் சுருள். ஒண்ணு தடிமனா, கொஞ்சம் சுத்து. இன்னொண்ணு முடி மாதிரி மெல்லிசா, ஆயிரக்கணக்கான சுத்து. முதல் சுருளில் ஓடுற 12 வோல்ட் மின்சாரத்தைச் சட்டுனு நிறுத்தினா, ரெண்டாவது சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலகூடப் பாயும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடிச்ச மின்தூண்டல்தான் இது. அந்த மின்சாரம் பிளக் முனையில் இருக்கிற ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அதுதான் பொறி.

1860-ல் பாரிசில் லெனுவார் செஞ்ச வாயு இன்ஜினிலேயே மின்பொறி இருந்தது. 1888-ல் பெர்தா பென்ஸ் அம்மா, புருஷன் கார்ல் பென்ஸ்கிட்ட சொல்லாம, ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு மான்ஹைமில் இருந்து போர்ட்ஸ்ஹைம் வரைக்கும் காரில் போனாங்க. வழியில் பொறிக்குப் போற ஒயரின் உறை தேஞ்சு போச்சு. அந்த அம்மா தன்னோட காலுறைப் பட்டியைக் கழட்டி ஒயரில் சுத்தி ஓட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்வாங்க. உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே பொறி ரிப்பேரை வண்டிக்காரங்களே பார்த்திருக்காங்க, கவனிங்க.

அடுத்து 1908. ஃபோர்டு மாடல் டி. இதுல ஓட்டுறவர் முன்னாடி ஒரு மரப்பெட்டி. அதுக்குள்ள நாலு காயில், ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு. நாலும் அச்சு அசல் ஒரே மாதிரி, கையாலேயே உருவி எடுக்கலாம். ஒரு சிலிண்டர் சரியா அடிக்கலையா? அதோட காயிலை உருவிப் பக்கத்து இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டியது. கோளாறு கூடவே போச்சுன்னா காயில் கெட்டிருக்கு. போகலைன்னா காயில் மேல பழியில்லை. இந்த வித்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இதை மாத்தினார். நாலு காயில் எதுக்கு, ஒண்ணு போதும். வர்ற மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒரு சுழல் மூடி ஒவ்வொரு பிளக்குக்கா பங்கு போட்டுக் கொடுக்கும். காடிலாக் காரில் வந்த இந்த ஏற்பாடு எழுபது, எண்பது வருஷம் உலகத்தையே ஆண்டது.

நம்ம ஊருக்கும் அப்படித்தான் வந்தது. 1951-ல் பெங்களூரில் தொடங்கின மைக்கோ பிளக் செஞ்சது. 1961-ல் தொடங்கின லூகாஸ் டி.வி.எஸ் சென்னை பாடியில் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் செஞ்சது. அதே 1961-ல் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டு கார் போட ஆரம்பிச்சது. 1971 வரைக்கும் வந்த கார். ஹெரால்டோட பானெட் மத்த கார் மாதிரி இல்லை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துக்கிட்டு நாலு பிளக்கையும் கழட்டலாம்! இங்கிலாந்தில் இதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தாங்க. அதுக்கும் அதே கவிழ்க்கிற பானெட். அதாவது, வண்டலூர் குடும்பக் காருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உடன்பிறப்பு.

அப்போ நம்ம நாட்டில் புதுசா ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறது நடக்காத காரியம். இறக்குமதிக் கட்டுப்பாடு அப்படி. அதனால ஆசைப்பட்டவங்க இருக்கிற காரைத் தாங்களே பிரிச்சு, வேகமாக்கி, சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டினாங்க. கோவை கரிவரதன் அந்த வழியில் வந்தவர்தான். மாருதி 800-ன் மூணு சிலிண்டர் இன்ஜினை வச்சு ஒற்றை இருக்கை ரேஸ் கார் செஞ்சு, காசு குறைஞ்ச பையன்களுக்கும் ரேஸ் வாசலைத் திறந்தார். 1995-ல் விமான விபத்தில் போயிட்டார். கோவை செட்டிபாளையம் ரேஸ் தடம் இன்னிக்கும் அவர் பெயரில்தான் இருக்கு.

1990-களில் டிஸ்ட்ரிபியூட்டர் மெல்ல மறைஞ்சது. கம்ப்யூட்டர் வந்து, பிளக் ஒவ்வொண்ணுக்கும் தலைமேலேயே ஒரு காயில் உட்கார்ந்தது. மேல ஒரு பிளாஸ்டிக் மூடி. பார்க்கிறவனுக்கு, "இது உன் வேலை இல்லைடா"ன்னு சொல்ற மாதிரி இருக்கும்.

டெக்ஸாஸில் இருக்கிற என் சித்தி பையன் பழசா ஒரு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கான். ஒருநாள் போன். "அண்ணே, வண்டி உதறுது, இன்ஜின் லைட் எரியுது. கடையில நாலு காயிலும் மாத்தணும்னு சொல்றாங்க, கூலி கேட்டா தலை சுத்துது." கோடு என்னடான்னேன். பி0302. அப்படின்னா ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். "ரெண்டாவது காயிலை மூணாவதுல மாட்டு, மூணாவதை ரெண்டாவதுல மாட்டு. கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாரு"ன்னேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டான். பி0303. கோளாறு காயிலோடவே நடந்து போயிருச்சு. ஒரே ஒரு காயில்தான் வாங்கினான்.

புரியுதா? 1908-ன் மரப்பெட்டி வித்தைதான். சுத்தி வந்து அதே இடத்தில் நிக்கிறோம். மூடிதான் புதுசு.

பிளக்கும் ஓடித் தேஞ்சிருந்ததால் நாலையும் அவனே மாத்தினான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். அலுமினியத் தலை, சூட்டோட கழட்டினா மரை போயிடும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். காயிலை லேசாத் திருகிவிட்டு மேல இழுக்கணும். பிளக்கைத் தொடுறதுக்கு முன்னாடி குழிக்குள்ள காத்தடிச்சுத் தூசியை வெளியேத்தணும், இல்லைன்னா அது சிலிண்டருக்குள்ள விழும். புது பிளக்கை ஸ்பேனரால ஆரம்பிக்காம, ரப்பர் குழாயில் சொருகி விரலால் சுத்தணும். முறுக்குற அளவு அந்தக் காரோட புத்தகத்தில் இருக்கும். இரிடியம் பிளக்குக்கு உப்புத்தாள் ஆகாது. டி.வி.எஸ் 50 மாதிரி பாடியில் வச்சுப் பொறி பார்க்கிறதும் இதுல வேண்டாம், காயில் போயிடும், ஷாக்கும் பலமா இருக்கும்.

கழட்டின பிளக்கைத் தூக்கிப் போடாம வரிசையா வச்சுப் பார்க்கச் சொன்னேன். லேசான பழுப்புன்னா நல்ல எரிப்பு. கருகருன்னு கரின்னா பெட்ரோல் அதிகம். ஈரமா எண்ணெய்ன்னா ஆயில் உள்ளே வருது. வெள்ளை வெளேர்னா சூடு அதிகம். இந்தப் பாடத்தை எங்க காட்டுல பத்தாவது தாண்டாதவங்ககூடச் சொல்வாங்க.

2015-ல் எக்ஸ்.எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்கா வந்தது, கரித் தொல்லை குறைஞ்சது. இப்போ பேட்டரி வண்டி வருது, அதுல பிளக்கே கிடையாது. பொறியோட கதை மெல்ல முடியப் போகுது, அதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா "சந்தேகப்பட்டதை இடம் மாத்திப் பார், கோளாறு கூடவே போகுதான்னு கவனி"ங்கற அறிவு பிளக்கோட சேர்ந்து போகக்கூடாது. மூடியைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிட்டா, கடைக்காரர் சொன்னதுதான் விலை.

உங்க ஊர்ல டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட் செட் பண்ணின பழைய மெக்கானிக் அண்ணாச்சி யாராவது இருந்தா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து கேட்டு எழுதி வைங்க மக்கா. அதுவும் சரித்திரம்தான்.