தேரி மணலின் செந்நிறம்

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் முதன்முதலாகக் கால்வைப்பவர், குதிரைமொழித் தேரியின் செக்கச்சிவந்த மேடுகளைக் கண்டமாத்திரத்தில், இது காற்று குவித்த மணலே என்று எவரும் சொல்லாமலே உணர்ந்துகொள்வார். ஆயினும் அம்மணல் எங்கிருந்து வந்தது, எக்காலத்தில் வந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பது அத்துணை எளிதன்று.

மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை 1883-இல் நூலாக வெளியிட்ட புரூஸ் ஃபூட் காலந்தொட்டு ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்த்துவந்த இத்தேரிகளைப் பற்றி அந்நாளில் நிலைபெற்ற கொள்கை, தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்களின் வழியே சீறிவரும் காற்று, மலையடிவாரத்துச் செம்மண் வெளிகளிலிருந்து மணலை வாரிக் கிழக்கே கொட்டிற்று என்பதாகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் நின்று பார்த்தவர் இதை ஐயுறமாட்டார். காற்றின் வேகம் இருமடங்கானால் அது நகர்த்தும் மணல் ஏறத்தாழ எண்மடங்காகும் என்பது 1941-இல் வெளிவந்த பாக்னால்டின் நூலுக்குப் பின் நாம் அறிந்த விதியாதலால், காற்றின் ஆற்றலைக் குறித்து எனக்கும் வழக்கு இல்லை. சிவந்த மணல் சிவந்த நிலத்திலிருந்தே வந்திருக்கவேண்டும் என்னும் அனுமானத்தையே நான் ஏற்கத் தயங்குகிறேன்.

தேரி மணலை அமிலத்திலிட்டுக் கழுவினால் செம்மை கரைந்துபோய், வெளிறிய குவார்ட்ஸ் மணிகளே பெரும்பாலும் எஞ்சுகின்றன. நிறம் மணியினுடையது அன்று. அதன்மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடுப் பூச்சினுடையது. அம்மணிகளோடு கலந்து கிடக்கும் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் ஆகியவையோ இக்கடற்கரைகளில் கருமணலாகவும் செம்மணலாகவும் அலை ஒதுக்கித் தரும் அதே கனிமங்கள். இவற்றுள் இரும்புடையவை ஈரத்தில் நெடுங்காலம் கிடந்து சிதையும்போது, அவை விடுக்கும் இரும்பே பக்கத்து மணிகளில் பூச்சாகப் படியும். அதற்கு வேண்டிய ஈரமோ தேரியில் உண்டு. மேலே கால் சுடும் மணலாயினும், பெய்த மழையை ஓடவிடாமல் முழுவதும் உறிஞ்சிக்கொள்வது தேரியின் இயல்பு. தேரிக்குள் அமைந்த அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையை அறிந்தவர்களுக்கு இதை நான் விரித்துரைக்கவேண்டியதில்லை.

ஆகவே செந்நிறம் மணலின் பிறப்பிடத்தைக் காட்டுவதினும், அது அசையாது கிடந்த காலத்தின் நீட்சியைக் காட்டுகிறது என்பதே என் துணிபு. கடல் பின்வாங்கிக் கரையோர மணல் பரந்து வெளிப்பட்டிருந்த ஒரு வறண்ட யுகத்தில் காற்று இம்மேடுகளை எழுப்பியிருக்கலாம். பின்னர் அவை ஓய்ந்து, ஓய்வில் சிவந்தன. மலையடிவாரத்துத் தூசியும் ஓரளவு வந்து கலந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. இன்று நாம் காணும் பெயர்ச்சி, பனையும் உடைமரமும் முந்திரியும் வேரால் பிடித்துவைக்காத இடங்களில் பழைய மேட்டின் மேற்பரப்பைக் காற்று மீண்டும் கிளறுவதேயன்றிப் புதுத் தேரியின் பிறப்பு அன்று.

மணல் ஓய்வில் சிவந்தது என்பதற்கு மனிதன் விட்டுச்சென்ற சாட்சியும் ஒன்று உளது. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களின் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் எழுதினர். அக்கருவிகளிற் சிலவற்றின்மேலும் மணலின் செம்மை ஏறியிருக்கிறது. கருவியைச் செய்தவன் மலையடிவாரத்துச் செம்மண்ணைப் பூசி அதைப் போட்டுச் சென்றான் என்று எவரும் வாதிடார். அது கிடந்த இடத்திலேயே சிவந்தது.

ஆனால் இச்சாட்சியைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். களத்தில் பதரைத் தூற்றுவதுபோல, காற்று இலேசான மணலை வாரிக்கொண்டு, தூக்கமுடியாத கல்லை அங்கேயே விட்டுவிடுகிறது. மேட்டின் மணல் குறையக் குறைய, முழ ஆழத்தில் கிடந்த கருவியும் ஆளுயர ஆழத்தில் கிடந்த கருவியும் ஒரே தளத்தில் இறங்கி அருகருகே அமர்ந்துவிடுகின்றன. அவ்விரண்டையும் ஒருகாலத்தவை என்று கொள்வதற்கு அவற்றின் அண்மை ஒன்றே ஆதாரமாகாது.