பொதுச் சாலைகளில் இருசக்கர வாகன சாகசம்

பொதுச் சாலைகளில் இருசக்கர வாகன சாகசம் என்பது, முன்சக்கரத்தை உயர்த்தி ஓட்டுதல் (வீலிங்), கைகளை விட்டு ஓட்டுதல் போன்றவற்றைப் பொதுமக்கள் செல்லும் சாலையில் நிகழ்த்துவதைக் குறிக்கும். இந்தியாவில் இது தண்டனைக்குரிய குற்றமாகும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988, வீலிங்கைப் பெயரிட்டுத் தடை செய்யவில்லை. அபாயகரமாக ஓட்டுதல் பற்றிய 184ஆம் பிரிவே பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. எவரும் காயமுறாவிடினும், சாலையில் செல்வோருக்கு அச்சம் விளைவித்தாலே இப்பிரிவு பொருந்தும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மாநில அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பந்தயம் நடத்துவது 189ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். சிறார் குற்றம் புரிந்தால், 199ஏ பிரிவின்படி பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. எனினும், தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என மெய்ப்பிப்பவர் இதிலிருந்து விலக்குப் பெறலாம்.

தமிழ்நாட்டு வழக்கு

2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் பாலுச்செட்டிசத்திரம் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் யூடியூப் பதிவர் டி. டி. எஃப். வாசன் விபத்துக்குள்ளானார். அவர் வீலிங் செய்ததாகக் காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது. அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் பிணை மறுத்தது, நவம்பரில் வழங்கியது. அவரது ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துத் துறை 10 ஆண்டுகளுக்கு முடக்கியது.