பிஸ்கே விரிகுடாக் கடப்பு (மோட்டார் உல்லாசப் படகு)

பிஸ்கே விரிகுடாக் கடப்பு என்பது பிரித்தானியாவின் தென்கரை அல்லது பிரான்சின் பிரித்தானிக் கரையில் இருந்து பிஸ்கே விரிகுடாவின் குறுக்காக ஸ்பெயினின் வடமேற்குக் கரையைச் சென்றடையும் கடற்பயணம் ஆகும். வட ஐரோப்பாவில் இருந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் பெரிய மோட்டார் உல்லாசப் படகுகள் இவ்வழியைப் பயன்படுத்துகின்றன. இப்பயணம் முழுவதும் வானிலையைச் சார்ந்தது. எனவே இதற்கான பணிக்குழுவை அமைப்பதும், புறப்படும் நாளை முடிவு செய்வதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

புவியியலும் வானிலையும்

இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்துக்கும் ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்துக்கும் இடையிலான தொலைவு சுமார் 430 கடல் மைல்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் ஆகும். மணிக்கு 10 கடல் மைல், அதாவது 10 நாட் வேகத்தில் செல்லும் படகுக்கு இப்பயணம் ஏறத்தாழ 43 மணி நேரம் எடுக்கும். வழியின் நடுப்பகுதியில் இரு கரைகளும் 100 கடல் மைல்களுக்கு மேல் தொலைவில் உள்ளன. அங்கு வானிலை கெட்டால் துறைமுகம் ஒன்றை அடையப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

விரிகுடாவின் கண்டத் திட்டு விளிம்பில், சுமார் 200 மீட்டராக உள்ள கடல் ஆழம் 4,000 மீட்டருக்கும் மேலாக மாறுகிறது. அத்திலாந்திக்கில் இருந்து வரும் நீண்ட அலைகள் ஆழம் குறைந்த இப்பகுதியை அடையும்போது செங்குத்தாகவும் நெருக்கமாகவும் மாறக்கூடும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் மேற்கில் இருந்து அடுத்தடுத்து வருகின்றன.

1859 இல் ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் வேல்சு கரையோரம் புயலில் சிக்கி மூழ்கியதில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதன் பின்னர் ராபர்ட் பிட்ஸ்ராய் 1861 இல் பிரித்தானியாவில் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கினார். முன்னர் பினிஸ்டர் எனப்பட்ட வானிலை அறிவிப்புக் கடற்பகுதிக்கு 2002 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. இக்கடப்பின் தென்மேற்குப் பகுதி அதில் அடங்குகிறது.

படகின் இயல்பு

பிரித்தானிய விதிகளின்படி, சுமைக்கோட்டு நீளம் 24 மீட்டர் அல்லது அதற்கு மேல் உள்ளவை பெரிய உல்லாசப் படகுகள் எனப்படும். மோட்டார் படகில் பாய்கள் இல்லை. இயந்திரங்கள் நின்றால் படகு அலைகளுக்குப் பக்கவாட்டில் திரும்பிப் பெரிதும் உருளத் தொடங்கும். கொந்தளிப்பான கடலில் எரிபொருள் தொட்டியின் அடியில் படிந்துள்ள கசடு கலங்கி வடிகட்டிகளை அடைப்பது இயந்திரம் நிற்பதற்கான அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. துறைமுகத்தில் நெடுநாள் நின்ற படகுகளில் இந்த இடர் கூடுதலாகும்.

இயந்திரத்துக்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது. வேகத்தை 10 நாட்டில் இருந்து 12 நாட்டாக உயர்த்தினால் திறன் தேவை சுமார் 1.7 மடங்காகும். எனவே புயலை முந்திச் செல்ல வேகத்தைக் கூட்டுவது எரிபொருள் இருப்பை விரைவில் குறைக்கும்.

பணிக்குழு

இத்தகைய பயணத்தில் பின்வரும் பொறுப்புகள் உள்ளன. சிறிய குழுவில் ஒருவரே இரண்டு பொறுப்புகளை ஏற்பதும் உண்டு.

மீகாமன்: வழித்திட்டம், வானிலை, புறப்பாடு, திரும்புதல் ஆகியவற்றை முடிவு செய்பவர்.
துணை மீகாமன்: மீகாமன் உறங்கும்போது படகை நடத்துபவர்.
பொறியாளர்: இயந்திரம், வடிகட்டி, மின்னாக்கி, நீர் இறைப்பி ஆகியவற்றைக் கவனிப்பவர்.
மேல்தள மாலுமிகள்: பார்வைக் காவல், கயிறுகள், இயந்திர அறைச் சுற்று ஆகியவற்றைச் செய்பவர்கள்.
சமையலர்: உணவைப் பொறுப்பேற்பவர். கடல் கொந்தளிக்கும் முன்பே உணவைச் சமைத்து வைப்பது வழக்கம்.

குழுவில் ஒருவர் கடல் குமட்டலால் படுத்துவிடுவார் எனக் கொண்டே ஆட்களின் எண்ணிக்கை கணக்கிடப்பட வேண்டும். மூவர் மட்டுமே காவல் நிற்கும் படகில் ஒருவர் விழுந்தால் மற்ற இருவரின் ஓய்வும் குலையும்.

காவல் முறையும் ஓய்வும்

மூன்று காவல் அணிகள் உள்ள படகில் ஒவ்வோர் அணியும் 4 மணி நேரம் காவல் நின்று 8 மணி நேரம் ஓய்வெடுக்கும். இரவில் சுக்கான் மேடையில் இருவர் இருப்பது நல்லது. தன்னியக்கச் சுக்கானும் ரேடாரும் இயங்கினாலும், கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிக்க வேண்டும் என 1972 ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளின் 5 ஆம் விதி கூறுகிறது. உசான் தீவுக்கும் பினிஸ்டர் முனைக்கும் அருகே கப்பல் போக்குவரத்துப் பிரிப்புத் தடங்கள் உள்ளதால், பயணத்தின் தொடக்கமும் முடிவும் நெரிசல் மிக்கவை.

மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், காவல் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வையும், 7 நாட்களில் குறைந்தது 77 மணி நேர ஓய்வையும் வலியுறுத்துகிறது. புறப்படும் நாளில் இதைக் காப்பது கடினம். பகல் முழுவதும் எரிபொருள் நிரப்பி, பொருட்களைக் கட்டி, பழுது பார்த்துவிட்டு மாலையில் புறப்படும் குழு, முதல் இரவின் நெரிசலான கடலைக் களைப்புடன் எதிர்கொள்கிறது. அதனால் வேலைகளை முதல்நாளே முடித்து, ஓர் இரவு உறங்கிய பின் காலையில் புறப்படுவது பாதுகாப்பானது.

புறப்படும் முடிவு

கடப்புக்குத் தேவையான நேரத்தைவிட நீண்ட அமைதியான இடைவெளி வானிலை முன்னறிவிப்பில் தேடப்படுகிறது. 43 மணி நேரப் பயணத்துக்கு 43 மணி நேர இடைவெளி போதாது. வேகம் குறையவும் பழுது ஏற்படவும் இடம்விட வேண்டும். பியூபோர்ட் அளவுகோலில் 4 என்பது 11 முதல் 16 நாட் வரையான காற்றையும், 8 என்பது 34 முதல் 40 நாட் வரையான கடும் காற்றையும் குறிக்கும். காற்றின் அளவு மட்டும் போதுமானது அன்று. முந்தைய புயலின் அலைகள், காற்று அடங்கிய பின்னும் பல மணி நேரம் எஞ்சியிருக்கும்.

உரிமையாளர் குறித்த நாள், விற்பனை ஒப்பந்தம், குழுவினரின் விமானச் சீட்டு போன்றவை மீகாமனுக்கு நெருக்கடி தருகின்றன. இதனைக் கருதியே கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 5 ஆம் அத்தியாயம், 34-1 ஆம் விதி, உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை என மீகாமன் தம் தொழில் அறிவால் எடுக்கும் முடிவை உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ வேறெவருமோ தடுக்கக்கூடாது என்கிறது. துறைமுகத்தில் காத்திருக்கும் நாட்களுக்குச் செலவு உண்டு. எனினும் அந்த நாட்களையும் பயணத்தின் பகுதியாகக் கருதி முன்கூட்டியே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டால், மீகாமன் தடையின்றி "இன்று போக வேண்டாம்" எனக் கூற முடியும்.

கடலில்

பயணத்தின்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் படகின் இடம், காற்றழுத்தம், எரிபொருள் அளவு ஆகியன பதிவேட்டில் எழுதப்படுகின்றன. இயந்திர அறையும் பார்வையிடப்படுகிறது. காற்றழுத்தமானி விரைவாக இறங்கினால் முன்னறிவிப்பு பொய்த்தது எனக் கொள்ளலாம். எந்த இடம் வரை திரும்பலாம், எதற்குப் பின் முன்னேறுவதே நல்லது என்பதைப் புறப்படும் முன்பே வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். இரவில் எவரும் தனியாக மேல்தளத்துக்குச் செல்லக்கூடாது என்பது பொதுவான கட்டளை. இருட்டில் கடலில் விழுந்தவரை, அவர் விழுந்ததை ஒருவர் பார்த்திருந்தாலும், மீண்டும் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.